கான்டே போன பிறகு

அடுத்த சீசன் – 7

லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் பட்டம் வென்ற 2015-16 சீசனில் அந்த அணி வாங்கிய கோல்கள் 36. அந்த எண்ணை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். முதல் 9 ஆட்டங்களில் 17 கோல். மீதி 29 ஆட்டங்களில் 19 கோல். சீசன் நடுவில் பெரிய வீரர் யாரையும் வாங்கவில்லை, மேனேஜர் மாறவில்லை. அக்டோபர் வரை மூன்று போட்டு இரண்டு வாங்கிக்கொண்டிருந்த அணி, அதன்பின் ஒன்று போட்டாலே ஜெயித்துவிடும் அணியாக மாறியது.

மாற்றம் தொடங்கிய நாள் தெரியும். 2015 செப்டம்பர் 26. ஆர்சனல் லெஸ்டருக்கு வந்து 5-2 என்று அடித்துவிட்டுப் போனது. அடுத்த ஆட்டத்துக்கே மேனேஜர் கிளாடியோ ரனியேரி இரண்டு பக்க ஃபுல்பேக்குகளையும் மாற்றினார். முன்னேறி ஓடுவதில் ஆர்வமுள்ள ரிச்சி டி லெட், ஜெஃப் ஷ்லுப் இருவரும் அந்த இடங்களிலிருந்து விலகினார்கள். தங்கள் இடத்தைக் காத்த பிறகே மற்றதை யோசிக்கும் டேனி சிம்ப்சன், கிறிஸ்டியன் ஃபுக்ஸ் உள்ளே வந்தார்கள். அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 1-0. அந்த சீசனில் லெஸ்டர் கோல் வாங்காத முதல் ஆட்டம் அது. கோல் வாங்காமல் இருந்தால் பீட்சா என்று ரனியேரி வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி அழைத்துப் போய், வீரர்களையே மாவு தட்டிச் செய்ய வைத்தார்.

அந்தப் பீட்சா கதையை உலகமே எழுதியது. பந்தயக் கடைகளில் 5000-க்கு 1 என்று வைத்திருந்த அணி, 1884-இல் தொடங்கி 132 ஆண்டுகளில் ஒருமுறைகூட முதல் டிவிஷன் பட்டம் பார்க்காத அணி, 81 புள்ளிகளுடன், இரண்டாம் இடம் பிடித்த ஆர்சனலைவிட 10 புள்ளி முன்னே போய் நின்றது. தோற்றது மூன்றே ஆட்டம். இந்தத் தொடரில் நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. பட்டம் கையில் இருக்கும் அந்த மே மாதத்தில், அடுத்த சீசனுக்கு இந்த அணிக்கு என்ன தேவை என்று கேட்டிருந்தால் சரியான பதில் என்னவாக இருந்திருக்கும்? கடந்த வாரங்களில் பார்த்த அணிகளெல்லாம் தோல்வியிலிருந்து கணக்குப் போட்டவை. தோற்ற அணிக்குத் தன் ஓட்டை எங்கே என்று தெரியும். ஜெயித்த அணிக்கு அந்த வெற்றியே ஓட்டையை மறைத்துவிடும். அதனால்தான் இந்த வாரம் லெஸ்டர்.

முதலில் அந்த அணி எப்படி ஆடியது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வடிவம் 4-4-2. எழுபதுகளில் இங்கிலாந்தில் பிறந்த எந்தப் பையனுக்கும் தெரிந்த வடிவம். காஸ்பர் ஷ்மைக்கேல் கோல்கீப்பர். சிம்ப்சன், வெஸ் மார்கன், ராபர்ட் ஹூத், ஃபுக்ஸ் பின்னால். நடுவில் வலப்புறம் ரியாத் மஹ்ரேஸ், இடப்புறம் மார்க் ஆல்பிரைட்டன், மையத்தில் டேனி டிரிங்க்வாட்டரும் என்கோலோ கான்டேயும். முன்னால் ஜேமி வார்டி, அவருக்குச் சற்றுப் பின்னால் ஓயாமல் ஓடும் ஷின்ஜி ஒகாசாகி. இந்தப் பதினொரு பேரையும் ரசிகர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஏனென்றால் வாராவாரம் இதே பதினொரு பேர்தான். சீசன் முழுக்க லெஸ்டர் பயன்படுத்தியது 23 பேரை மட்டுமே, லீக்கிலேயே குறைவு.

பந்து பெரும்பாலும் எதிரணியிடம்தான் இருக்கும். லெஸ்டர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டு வரிசையாகத் தன் பாதியில் நெருக்கமாக நிற்கும். எதிரணி பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பொறுமை இழந்து நடுவில் ஒரு பாஸைத் திணிக்கும். அந்த இடத்தில் பந்து பறிபோகும். பறித்த பந்து பின்னால் போகாது, பக்கத்தில் போகாது; முதல் பாஸே முன்னால். எதிரணியின் ஃபுல்பேக்குகள் மேலே ஏறியிருப்பார்கள், தடுப்பாளர்களுக்குப் பின்னால் நாற்பது கெஜம் வெறுமையாகக் கிடக்கும், அங்கே வார்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார்.

நவம்பர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் போட்ட கோல் இதற்குச் சுத்தமான சாட்சி. யுனைடெட் அடித்த கார்னர் பந்தை ஷ்மைக்கேல் கையில் பிடிக்கிறார். பிடித்த கையோடு ஃபுக்ஸுக்கு எறிகிறார். ஃபுக்ஸ் பந்தோடு ஓடி, தலையை நிமிர்த்தி, தடுப்பாளர்களுக்கு இடையில் ஒரு பாஸ். வலப்பக்கமிருந்து ஓடிவந்த வார்டி ஒரு தொடுதலில் சரிசெய்து டே கேயாவைத் தாண்டி அடிக்கிறார். கோல் லெஸ்டரின் கோல் வாசலில் தொடங்கி யுனைடெட்டின் வலையில் முடிய நடுவில் ஒரே ஒரு ஆள். அந்தக் கோலோடு தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டவர் ஆனார் வார்டி. வான் நிஸ்டல்ரூயின் 10 ஆட்டச் சாதனை உடைந்தது. சீசன் முடிவில் அவருக்கு 24 கோல். மஹ்ரேஸுக்கு 17 கோல், வீரர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது.

பறிக்கிற வேலையைச் செய்தவர் கான்டே. 175 டேக்கிள், 156 இடைமறிப்பு. இரண்டிலும் லீக்கில் முதலிடம். பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து 56 லட்சம் பவுண்டுக்கு வந்தவர். உயரம் குறைவு, பேச்சும் குறைவு. வீரர் தேர்வுப் பிரிவின் தலைவர் ஸ்டீவ் வால்ஷ் விடாமல் வற்புறுத்தியதால்தான் ரனியேரி சம்மதித்தார். லெஸ்டர் நடுகளத்தில் இரண்டு பேரை வைத்து ஆடவில்லை, நடுவில் டிரிங்க்வாட்டரும் இரு பக்கமும் ஒவ்வொரு கான்டேயும் என்று பன்னிரண்டு பேரோடு ஆடுகிறது என்று வால்ஷ் சொன்னது பிரபலம். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது அந்த அணியைப் பற்றி யாரும் சொன்னதிலேயே மிகத் துல்லியமான தந்திரக் குறிப்பாகப் படுகிறது.

ஏன் என்று விளக்க வேண்டும். 4-4-2-இல் நடுகளத்தில் இரண்டே பேர். எதிரணி மூன்று பேரை வைத்தால் அவர்களில் ஒருவர் எப்போதும் காவலின்றி நிற்பார். இந்த வடிவம் பெரிய அணிகளிடமிருந்து மறைந்துபோனதற்கு இதுதான் காரணம். கான்டே அந்தக் குறையைத் தன் கால்களால் அடைத்தார். இடப்புறம் ஒருவரை நெருக்குவார். பந்து வலப்புறம் போவதற்குள் அங்கே இருப்பார். அவர் இருந்ததால் டிரிங்க்வாட்டர் பறிக்கும் வேலையை விட்டுவிட்டு முன்னால் பார்த்து நீண்ட பாஸ் போட நேரம் கிடைத்தது. அவர் இருந்ததால் மஹ்ரேஸ் ஒவ்வொரு முறையும் பின்னால் ஓடிவந்து உதவ வேண்டியிருக்கவில்லை. அவர் இருந்ததால் மார்கனும் ஹூத்தும், இருவருமே வேகம் குறைந்தவர்கள், தங்கள் பெனால்டி கட்டத்தைவிட்டு வெளியே வந்து யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. உயரப் பந்துகளைத் தலையால் அடித்து வெளியேற்றுவதும், கட்டத்துக்குள் ஆளோடு ஆள் மோதுவதும் மட்டும் அவர்கள் வேலை. அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஒருவர் செய்த வேலையால் குறைந்தது நான்கு பேரின் பலவீனம் வெளியே தெரியாமல் இருந்தது.

2016 பிப்ரவரி 6, எதிஹாட் மைதானம். மான்செஸ்டர் சிட்டியை லெஸ்டர் 3-1 என்று வென்ற அந்த ஆட்டத்தின் இரண்டாவது கோலை இப்போது பார்த்தாலும் இது தெரியும். கான்டே பந்தோடு நடுகளத்தைக் கடந்து ஓடி மஹ்ரேஸிடம் கொடுக்கிறார். மஹ்ரேஸ் தடுப்பாளரைக் காலசைவில் ஏமாற்றி அடிக்கிறார். ஒளிபரப்பில் திரும்பத் திரும்பக் காட்டியது மஹ்ரேஸின் காலசைவை. அந்தப் பந்து அங்கே வந்த வழியைக் காட்டவில்லை.

இனி 2016 கோடை.

பத்திரிகைகள் அந்த ஜூன் முழுக்கக் கேட்ட கேள்வி, வார்டி போவாரா, மஹ்ரேஸ் போவாரா. ஆர்சனல் வார்டியின் ஒப்பந்தத்தில் இருந்த 2 கோடி பவுண்டு விலகல் தொகையைக் கொடுக்கத் தயாராக வந்தது. இங்கிலாந்து அணியோடு யூரோ போட்டியில் இருந்த வார்டி யோசித்துவிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். லெஸ்டரில் புதிய ஒப்பந்தம். ஆகஸ்டில் மஹ்ரேஸும் கையெழுத்திட்டார். ஷ்மைக்கேல், டிரிங்க்வாட்டர், ரனியேரி எல்லோருக்கும் புதிய ஒப்பந்தங்கள். ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஜூலை 16 அன்று போனவர் கான்டே மட்டும். செல்சி கொடுத்ததாகச் சொல்லப்பட்டது 3.2 கோடி பவுண்டு. ஒரு வருடத்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு. கணக்குப்பிள்ளை பார்வையில் நல்ல வியாபாரம்.

விற்றதற்காக லெஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் விலகல் தொகை இருந்தது, பெரிய கிளப் கூப்பிட்டது, 25 வயது வீரர் போக விரும்பினார். லெஸ்டர் போன்ற கிளப் அதைத் தடுக்க முடியாது. கேள்வி, அந்த இடத்தில் அடுத்து யார் என்பது.

அதற்கு லெஸ்டரிடம் பதில் இருந்தது. கான்டே போவதற்கு முன்பே, ஜூலை 3 அன்று, நீஸ் கிளப்பிலிருந்து நம்பாலிஸ் மெண்டியை சுமார் 1.3 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். ரனியேரி மொனாக்கோவில் இருந்தபோதே அவருக்குத் தெரிந்த பையன். பிரெஞ்சுக்காரர், நடுகளத்தின் அடியில் ஆடுபவர், உயரமும் கான்டே அளவுதான். ஆனால் நீஸில் மெண்டியின் பெயர் வேறு காரணத்துக்காகப் பேசப்பட்டது. பந்தைப் பின்னாலிருந்து வாங்கி, பகிர்ந்து, ஆட்டத்தின் வேகத்தை நடத்துபவர் அவர். பந்து தன் அணியிடம் இருக்கும்போது மதிப்புக் கூடும் ஆள். லெஸ்டருக்குத் தேவைப்பட்டது பந்து எதிரணியிடம் இருக்கும்போது மதிப்புக் கூடும் ஆள். ஒருவர் போனால் அவர் நின்ற இடத்தைப் பார்த்து ஆள் எடுப்பது பல கிளப்கள் செய்யும் தவறு. அவர் செய்த வேலைகளைத் தனித்தனியாக எழுதி, அதில் எதை இன்னொருவர் செய்ய முடியும், எதற்காக அணியின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று பார்க்க வேண்டும். இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து இதையேதான் வெவ்வேறு ஊர்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மெண்டி எப்படி ஆடியிருப்பார் என்பதும் தெரியாமலே போனது. ஆகஸ்ட் 20, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குக் கணுக்காலில் அடி. அந்த சீசன் லீக்கில் அவர் தலைகாட்டியது நாலே ஆட்டம். அவர் இடத்தில் கானாவின் டேனியல் அமார்டே, 21 வயது, அடிப்படையில் தடுப்பாளர். அல்லது கிளப்பிலேயே வளர்ந்த ஆண்டி கிங். இருவரும் உண்மையாக உழைத்தார்கள். அவர்கள் மீது வைக்கப்பட்ட சுமைதான் நியாயமில்லாதது.

அடி பட்டது ஆகஸ்ட் 20. டிரான்ஸ்ஃபர் சாளரம் மூடியது ஆகஸ்ட் 31. இடையில் பதினோரு நாள் இருந்தது, பணமும் இருந்தது. கடைசி நாளில் லெஸ்டர் தன் வரலாற்றிலேயே அதிகமான தொகையைக் கொடுத்தது, ஏறத்தாழ 2.8 கோடி பவுண்டு. வாங்கியது ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் ஸ்ட்ரைக்கர் இஸ்லாம் ஸ்லிமானியை. அதற்கு முன்பே சிஎஸ்கேஏ மாஸ்கோவிலிருந்து 1.6 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து அகமது மூசா என்ற வேகமான முன்கள வீரரை வாங்கியிருந்தார்கள். பணம் முன்னால் போனது. ஓட்டை பின்னால் இருந்தது.

ஸ்லிமானியை வாங்கியதில் ஒரு நியாயமும் உண்டு. இங்கேதான் லெஸ்டரின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

சாம்பியனோடு ஆட வரும் அணி, போன வருடம் வந்தது போல வராது. 2015 இலையுதிர் காலத்தில் லெஸ்டரை எதிர்கொண்ட அணிகள் தாங்கள்தான் ஜெயிக்க வேண்டியவர்கள் என்று நினைத்து ஏறி வந்தன. பின்னால் இடம் விட்டன. வார்டி அதில் வாழ்ந்தார். ஒரு வருடம் கழித்து அதே அணிகள் தங்கள் பாதியில் உட்கார்ந்துகொண்டு, பந்து உங்களிடமே இருக்கட்டும், என்ன செய்கிறீர்கள் பார்ப்போம் என்றன. ஓடுவதற்கு இடமில்லாத வார்டி பாதி வார்டி. மஹ்ரேஸ் மேல் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். ஆக, கட்டத்துக்குள் கூட்டமாக நிற்கும் தடுப்பாளர்களுக்கு நடுவே எம்பித் தலையால் முட்டுகிற ஆள் தேவை. ஸ்லிமானி அதற்கானவர். மே மாதம் தேவைகளைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் இது நிச்சயம் அதில் இருந்திருக்கும்.

ஆனால் கட்டத்துக்குள் உயரப் பந்து போக வேண்டுமென்றால் அணி மொத்தமும் எதிரணிப் பாதியில் இருக்க வேண்டும். ஃபுல்பேக்குகள் ஏற வேண்டும். அப்போது பந்து பறிபோனால், இப்போது வெறுமையாகக் கிடக்கும் நாற்பது கெஜம் லெஸ்டருடையது. அங்கே தனியாக நிற்பது 32 வயது மார்கனும் அதே வயது ஹூத்தும். பூட்டிக்கிடக்கும் அணியைத் திறக்க மேலே ஏற ஏற, பின்னால் பந்து பறிப்பவரின் தேவை கூடுகிறது. அதாவது ஸ்லிமானியைப் பயன்படுத்துவதற்கே ஒரு கான்டே வேண்டும். இரண்டு தேவைகளும் தனித்தனி இல்லை. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதுக்குப் பணம் போட்டால், முதலாவது இன்னும் பெரிதாகும். லெஸ்டருக்கு நடந்தது இதுதான்.

தடுப்பாளர்களையும் சொல்லிவிட வேண்டும். நடுப் பின்களத்துக்கு அந்தக் கோடையில் வந்தவர் ஸ்போர்ட்டிங் கிகோனின் லூயிஸ் ஹெர்னாண்டஸ் மட்டும். ஜனவரியிலேயே ஸ்பெயின் திரும்பிவிட்டார். போதாக்குறைக்கு, அந்த சீசனின் தொடக்கத்தில் நடுவர்களுக்குப் புதிய அறிவுறுத்தல்: கார்னரின்போது சட்டையைப் பிடிப்பது, கட்டிப்பிடித்து இழுப்பது இவற்றைக் கண்டும் காணாமல் விடக் கூடாது. கட்டத்துக்குள் ஆளோடு மல்லுக்கட்டியே வாழ்ந்த இரண்டு பேருக்கு இதைவிடப் பாதகமான மாற்றம் வந்திருக்க முடியாது.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடியது. பட்டம் வென்ற சீசனில் கோப்பை ஆட்டங்கள் ஐந்தையும் சேர்த்து மொத்தம் 43. ரனியேரி வீரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கொடுக்க முடிந்தது. வார்டியின் கால்கள் மே மாதம் வரை தாங்கியதற்கு அது முக்கியக் காரணம். அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக்கோடு சேர்த்து 54. அதற்கும் முன்பு லாஸ் ஏஞ்சலஸில் பிஎஸ்ஜியிடம் 4-0, ஸ்டாக்ஹோமில் பார்சிலோனாவிடம் 4-2 என்று தோற்ற காட்சி ஆட்டங்கள். உலகம் சாம்பியனைப் பார்க்க விரும்பியது. கிளப்புக்கு அந்த வருமானத்தை மறுக்க மனம் வரவில்லை. அந்த விமானப் பயணங்களின் விலையை நான் எந்த ஆட்டத்தோடும் முடிச்சுப் போட முடியாது. ஆனால் முந்தைய வருடத்தின் மிகப் பெரிய சாதகம் ஓய்வு என்பது தெரிந்திருந்தும் அதை முதலில் விட்டுக்கொடுத்தது வருத்தமாகத்தான் இருக்கிறது.

எதிராளிகளும் சும்மா இருக்கவில்லை. கார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு, மொரின்யோ யுனைடெட்டுக்கு, கோன்டே செல்சிக்கு வந்த வருடம் அது. லெஸ்டர் நான்காவது, ஐந்தாவது இடம் பிடித்திருந்தால் அதுவே பெரிய சாதனை என்பதுதான் நேர்மையான மதிப்பீடு. பட்டத்தைத் தக்கவைப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு கீழே போவார்கள் என்றும் யாரும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 13, முதல் ஆட்டம். எதிரணி ஹல் சிட்டி. இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் ஏறி வந்தது, நிரந்தர மேனேஜர்கூடக் கிடையாது. 2-1 என்று லெஸ்டர் தோற்றது. பிரீமியர் லீக் தொடங்கிய பின் நடப்புச் சாம்பியன் ஒருவர் முதல் ஆட்டத்தில் தோற்றது அதுவே முதல் முறை. அக்டோபர் 15 அன்று செல்சியிடம் 3-0. மறுபக்கம் நடுகளத்தில் நின்றவர் கான்டே.

சாம்பியன்ஸ் லீக் மட்டும் வேறு உலகமாக இருந்தது. ப்ரூக், போர்ட்டோ, கோபன்ஹேகன் மூன்றையும் கோல் வாங்காமல் வென்று தொடங்கி, குழுவில் முதலிடம். இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய அணிகள் லெஸ்டரை இன்னும் படிக்கவில்லை, அவை பந்தை வைத்துக்கொண்டு ஆட விரும்பின.

இதே பாடத்தை லீக்கிலும் ஒரு நாள் பார்க்க முடிந்தது. டிசம்பர் 10, மான்செஸ்டர் சிட்டி. கார்டியோலாவின் அணி எங்கேயும் தன் ஆட்டத்தை மாற்றாது. தடுப்பு வரிசை நடுக்கோடு வரை ஏறியே நிற்கும். ஐந்து நிமிடத்தில் லெஸ்டர் இரண்டு கோல். இருபது நிமிடத்தில் மூன்று. ஆட்டம் 4-2, வார்டிக்கு ஹாட்ரிக். அதற்கு முன் லீக்கில் அவர் கடைசியாகக் கோல் போட்டது செப்டம்பர் 10-இல். மூன்று மாதம் கோல் வராதவர் மறந்துபோகவில்லை, வயதாகிவிடவில்லை. ஓட இடம் கொடுத்தவுடன் பழையபடி ஓடினார். அன்று இரவு ரனியேரிக்கும் நிர்வாகத்துக்கும் இந்த ஓர் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுக் காட்டியிருந்தால் போதும், ஜனவரியில் என்ன வாங்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

ஜனவரியில் சரியான ஆளை வாங்கவும் செய்தார்கள். பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிலிருந்து வில்ஃப்ரெட் இன்டிடி, நைஜீரியர், வயது 20. நீண்ட கால்கள், எதிராளி பந்தைத் தொட்ட அடுத்த கணம் அங்கே ஒரு கால் நீளும். ஆறு மாதம் தாமதமாக வந்த பதில். ஆனால் அதே ஜனவரியில் ரனியேரி வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தார். செல்சிக்கு எதிராகப் பின்னால் மூன்று பேர், 3-0 தோல்வி. சவுதாம்ப்டனுக்கு எதிராக நடுகளத்தில் வைர வடிவம், மறுபடி 3-0. தன் அணியின் குறையை வடிவத்தால் அடைக்க முயன்றார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தவறான முயற்சி என்று சொல்ல மாட்டேன். ஆள் இல்லாத மேனேஜரிடம் மிச்சமிருப்பது வரைபலகை மட்டுமே. ஆனால் அந்த வீரர்கள் ஒரே ஆட்டத்தை மனப்பாடமாக ஆடியே உயர்ந்தவர்கள். அவர்களிடமிருந்து அந்தப் பழக்கத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண அணி.

2017 பிறந்து ஆறு லீக் ஆட்டம். ஒரு கோல்கூட இல்லை. பதினேழாவது இடம், தரமிறக்கக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே. பிப்ரவரி 22 அன்று சாம்பியன்ஸ் லீக்கில் செவியாவிடம் 2-1 தோல்வி. அப்போதைய விதிப்படி கூடுதல் மதிப்புள்ள வெளியூர் கோல் ஒன்று கிடைத்ததால் அது நல்ல முடிவுதான். மறுநாள் ரனியேரியை நீக்கினார்கள். பட்டம் வாங்கி பத்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மொரின்யோ தன் பயிற்சிச் சட்டையில் ரனியேரியின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டு செய்தியாளர்கள் முன் வந்தார். கோடையில் செய்யாமல் விட்டதற்கான தண்டனை குளிர்காலத்தில் ஒரு மனிதர் தலையில் விழுந்தது என்றே நினைக்கிறேன். வீரர்களைத் தேர்ந்த ஸ்டீவ் வால்ஷ் ஜூலையிலேயே எவர்ட்டனுக்குப் போய்விட்டார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கான்டே போனது எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த கான்டேயைக் கண்டுபிடிக்கக்கூடிய கண்களும் அதே மாதம் போனதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

ரனியேரியின் உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். பிப்ரவரி 27, லிவர்பூல். அவர் இறக்கிய அணியை வரிசையாகப் படியுங்கள்: ஷ்மைக்கேல், சிம்ப்சன், மார்கன், ஹூத், ஃபுக்ஸ், மஹ்ரேஸ், டிரிங்க்வாட்டர், இன்டிடி, ஆல்பிரைட்டன், ஒகாசாகி, வார்டி. பட்டம் வாங்கிய பதினொரு பேரில் பத்துப் பேர், கான்டே நின்ற இடத்தில் இன்டிடி. 4-4-2. ஏறி நின்ற லிவர்பூல். 3-1 வெற்றி, வார்டிக்கு இரண்டு, கட்டத்துக்கு வெளியிலிருந்து டிரிங்க்வாட்டர் அடித்த வாலி ஒன்று.

அதிலிருந்து தொடர்ந்து ஐந்து லீக் வெற்றிகள். மார்ச் 18 அன்று வெஸ்ட் ஹாமில் வென்றது அந்த சீசனில் வெளியூரில் கிடைத்த முதல் லீக் வெற்றி. செவியாவை இரண்டாவது ஆட்டத்தில் 2-0 என்று வென்று கால் இறுதி வரை போனார்கள். அங்கே அட்லெட்டிகோ மாட்ரிட் நிறுத்தியது. ஷேக்ஸ்பியர் மந்திரம் போட்டார் என்றும், வீரர்கள் பழைய மேனேஜருக்காக ஓட மறுத்தார்கள் என்றும் அப்போது நிறைய எழுதினார்கள். மனநிலைக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதினொரு பெயர்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்த விளக்கம் அவசரமானதாகத் தோன்றுகிறது. ரனியேரியிடம் ஆகஸ்டில் ஓர் இன்டிடி இருந்து, அவர் தன் பழைய வடிவத்தை விடாமல் பிடித்திருந்தால், இந்த வாரம் நான் வேறு அணியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

சீசன் முடிவில் லெஸ்டர் 12-ஆவது, 44 புள்ளி. வாங்கிய கோல் 36-இலிருந்து 63 ஆனது. மஹ்ரேஸின் கோல்கள் 17-இலிருந்து 6 ஆயின. முந்தைய சீசனில் பத்தாவது இடத்தில் முடித்த செல்சி 93 புள்ளியோடு சாம்பியன். ஆண்டின் சிறந்த வீரர் கான்டே.

அடுத்த கோடையில் லெஸ்டர் ஒரு கணக்கைச் சரியாகவே போட்டது. 2017 ஜூனில் ஹல் சிட்டியின் ஹாரி மக்வயரை 1.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மார்கன், ஹூத்துக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஒரு வருடம் பிந்தி வந்த நல்ல பதில். ஆனால் டிரான்ஸ்ஃபர் சாளரத்தின் கடைசி நாளில் டிரிங்க்வாட்டரும் செல்சிக்குப் போனார். அவர் இடத்துக்கு ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் அட்ரியன் சில்வா. பதிவு விண்ணப்பம் கெடு முடிந்து 14 விநாடி கழித்துப் போய்ச் சேர்ந்தது. ஃபிஃபா ஏற்கவில்லை. வாங்கிய வீரர் ஜனவரி வரை ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார். எட்டு லீக் ஆட்டத்தில் ஒரே வெற்றியுடன் நின்ற ஷேக்ஸ்பியரை அக்டோபர் 17 அன்று நீக்கினார்கள்.

(தொடரும்)